நடுவிலிருந்து வெளியே

சப்ரகமுவவில் கார் எஞ்சினை வீட்டு முற்றத்தில் பிரித்துப் போடுவது அதிசயமான காட்சி அல்ல. இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டத்து ரோட்டோரம் பொனட் திறந்த கார் ஒன்று நிற்கும். பக்கத்தில் சாக்கு விரித்து அதன்மேல் சாமான்கள் வரிசையாக இருக்கும். டவுனில் பெரிய கராஜுக்குக் காரைக் கட்டி இழுத்துப் போகவே ஒரு தொகை வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. கையில் இருக்கிற காரை எப்படியாவது ஓடவைத்துக்கொள்வதைத் தவிர நடுத்தரக் குடும்பத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

நான் இந்தத் தொழிலைப் படித்தது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பின்பக்கத்துப் பட்டறையில். அப்போது தோட்டம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1992இல்தான் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பாஸ், தோட்டத்தை ஒட்டிய சிங்களக் கிராமத்துக்காரர். கொழுந்து லொறி, டிராக்டர், தொழிற்சாலை டீசல் எஞ்சின், துரையின் கார் எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். ஸ்பெனரை என் கையில் தந்துவிட்டு அவர் சொல்லும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் ஒன்றுதான்: "ஹெமின், ஹெமின்." மெதுவாக, மெதுவாக. பலத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. வரிசையைப் பற்றித்தான் பேசுவார்.

எஞ்சினைப் பிரிக்க யாராலும் முடியும். திரும்பப் பூட்டுவதில்தான் தொழில் இருக்கிறது. பூட்டுவதிலும் பாதித் தொழில் போல்ட்டுகளைச் சமமாக இறுக்குவது.

வீட்டில் எஞ்சின் பூட்டுகிறவர்கள் போல்ட்டைப் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். ஹெட்டை பிளொக்கோடு அழுத்திப் பிடிப்பது போல்ட்டின் இழுவிசை. நாம் திருகும்போது போல்ட் நீளுகிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிற அந்த இழுப்புத்தான் ஹெட்டைக் கீழே அமுக்குகிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு ஹெட் போல்ட் சரியாக இறுகும்போது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளும். 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள நல்ல ஹெட் போல்ட் ஒன்று இப்படி நீண்டு 4 டன் அளவுக்கு அழுத்தம் தரும்.

அந்த அழுத்தம் எதற்கு என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய கொரோலாக்களில் வந்த 4ஏ-எஃப்இ எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். பெற்றோல் எரிகிற கணத்தில் உள்ளே வளிமண்டலத்தைப்போல் 50 மடங்கு அழுத்தம் வந்தால், ஹெட்டை மேலே தள்ளுகிற விசை இரண்டரை டன். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1500 தடவை இந்த அடி விழுகிறது. இறக்குவானையிலிருந்து சூரியகந்தைக்கு ஏறும்போதும், பலாங்கொடையிலிருந்து பெரகலைக்கு ஏறும்போதும், கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும்போதும் எஞ்சின் இந்த அடியை ஓய்வில்லாமல் வாங்குகிறது, அதுவும் முழுச் சூட்டில். சமவெளியில் பல வருடம் தாங்கிய கெஸ்கட் எங்கள் மலையில் ஒரே ஏற்றத்தில் போய்விடுவதற்குக் காரணம் இதுதான். ரேடியேட்டரில் குமிழி வருவதும், ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவதும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் அதற்குப் பிறகு நடப்பவை.

ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர் தன் கொரோலாவை வீட்டிலேயே திறந்து, ஹெட்டை லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கி, பூட்டும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேரும்போது ஒரு மூலை போல்ட்டைக் கையால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சேர், அத கொஞ்சம் கழட்டுங்க. ஒன்ன முழுசா இறுக்கிட்டு மத்ததுக்குப் போகக் கூடாது."

"ஏன் பாஸ்? கடைசியில எல்லாமே ஒரே இறுக்கத்துக்குத்தானே வரப்போகுது?"

நல்ல கேள்வி. படித்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். மழைக்கு முற்றத்தில் படங்கு கட்டியவர்களுக்கு இதன் பதில் தெரியும். ஒரு மூலையை முதலிலேயே விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால் சுருக்கம் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். பிறகு மற்ற மூலைகளை எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சுருக்கத்தில் தண்ணீர் தேங்கும். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் இருக்கிற கெஸ்கட் நசுங்கிப் படிகிற பொருள். ஒரு மூலையில் முதலில் முழுதாக நசுங்கினால் ஹெட் அந்தப் பக்கம் மிகச் சிறிதாகச் சாய்கிறது. எதிர்மூலை அந்த அளவுக்கு மேலே எழும்புகிறது. அடுத்த போல்ட்டை இறுக்கும்போது முதல் போல்ட் பிடித்திருந்த அழுத்தத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஸ்பெனருக்கு எல்லாம் ஒரே மாதிரி இறுகியதாகத் தெரியும். உள்ளே ஒரு போல்ட் 4 டன் பிடிக்கும், பக்கத்துப் போல்ட் 2 டன் பிடிக்கும். நெருப்பு அந்த 2 டன் பக்கத்தைத் தேடிக்கொள்ளும்.

அதனால்தான் நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகிறோம். நடுப்போல்ட்டை இறுக்கினால் ஹெட்டும் கெஸ்கட்டும் நடுவில் படிந்து, ஏதாவது தள்ளவேண்டியிருந்தால் விளிம்பை நோக்கித் தள்ளப்படும். அங்கே போக இடம் இருக்கிறது. விளிம்பைப் பூட்டிவிட்டு நடுவுக்கு வந்தால் போக இடம் இல்லை. கழற்றும்போது இதே வரிசை தலைகீழ்: வெளியிலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சூட்டோடு கழற்றிய அலுமினிய ஹெட் வளையும். கொரோலா ஹெட்டின் அடிப்பக்க வளைவு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நேர்கோல் வைத்து அடியில் பீலர் கேஜ் நுழைத்துப் பார்க்காமல் எந்த ஹெட்டையும் திரும்ப ஏற்றாதீர்கள்.

நான் படித்த காலத்தில் கொரோலா வரவில்லை. கைக்கு வந்தவை மொரிஸ் மைனரும் ஒஸ்டினும். 1970களில் இறக்குமதி இறுக்கமாக இருந்தபோது இந்த நாட்டின் மெக்கானிக்மார் இவற்றை வைத்துத்தான் தொழிலைக் காப்பாற்றினார்கள். 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் குவிந்தன. ஆனாலும் மொரிஸ் மைனர் போகவில்லை. தோட்டத்து உத்தியோகத்தர், ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடுகளில் இன்றும் ஓடுகிறது. தொழில் பழக அதைவிட நல்ல எஞ்சின் கிடையாது.

மொரிஸ் மைனரின் ஹெட்டை 9 நட்டுகள் பிடிக்கின்றன. அவற்றில் 4 நட்டுகள் மேலே ரொக்கர் தாங்கிகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. அதனால் ரொக்கரை மட்டும் கழற்றப்போகிறேன் என்று அந்த நட்டுகளில் கை வைக்கிறவர், அறியாமலே ஹெட்டின் ஒரு பக்கத்தைத் தளர்த்துகிறார். ரேடியேட்டர் தண்ணீரை முதலில் இறக்கியிருக்காவிட்டால் அது சிலிண்டருக்குள் இறங்கும். எங்கள் பாஸ் ரொக்கர் மூடியைத் திறக்கும் முன்பே ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிடுவார்.

ஹெட் நட்டுகளுக்குப் புத்தகம் சொல்லும் அளவு 40 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 54 நியூட்டன் மீட்டர். அதை ஒரே மூச்சில் எட்டுவதில்லை. முதலில் எல்லா நட்டுகளையும் விரலால் உட்காரவைப்போம். பிறகு நடுநட்டில் தொடங்கி, இடம் வலம் மாறி மாறி வெளியே போய், 15இல் ஒரு சுற்று. 30இல் ஒரு சுற்று. 40இல் ஒரு சுற்று. அதற்கும் மேல், அதே 40இல் இன்னொரு சுற்று வருவோம். அந்தக் கடைசிச் சுற்றில் சில நட்டுகள் கொஞ்சம் நகரும். அடுத்த நட்டு இறுகியபோது இவை விட்டுக்கொடுத்த அழுத்தத்தை நாம் திரும்ப வாங்குகிறோம் என்று அர்த்தம். எந்த நட்டும் நகராமல் ஒரு சுற்று முடிந்தால்தான் ஹெட் படிந்தது.

ரொக்கர் தாங்கியின் சிறிய நட்டுகளுக்கு 25. அதற்கு மேலே தகர மூடிக்கு வெறும் 4 அடி-இறாத்தல். ஒரே எஞ்சினில், ஒரு சாண் தூரத்துக்குள், 40 கேட்கிற நட்டும் 4 கேட்கிற நட்டும் இருக்கின்றன. 40 இறுக்கிய கை அதே வேகத்தில் 4க்கு வந்தால் மூடியின் தகரம் வளைந்து, தக்கைக் கெஸ்கட் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஒயில் ஒழுகுகிறது என்று கொண்டுவரும் கார்களில் பல, இறுக்கம் போதாமல் ஒழுகுபவை அல்ல. இறுக்கம் கூடிப்போய் ஒழுகுபவை.

எஞ்சினைச் சூடாக்கி, முழுதாக ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை அதே வரிசையில் இன்னொரு தடவை பார்ப்பது பழைய கெஸ்கட்டுகளுக்கு வழக்கம். அப்படிப் பார்க்கும்போது நட்டின்மேல் ஸ்பெனரை வைத்து அப்படியே அமுக்கினால் துருப்பிடிப்பும் உராய்வும் பொய் சொல்லும். ஒரு நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி, உடனே அளவுக்கு இறுக்கிவிட்டு, அடுத்ததுக்குப் போக வேண்டும். அதோடு வேலை முடியவில்லை. ஹெட் இன்னும் கொஞ்சம் கீழே படிந்ததால் டெப்பட் இடைவெளி மாறியிருக்கும். ஆறிய எஞ்சினில் 0.012 அங்குலத்துக்கு அதைத் திரும்ப வைக்க வேண்டும்.

உராய்வைப் பற்றிச் சொன்னேன். நாம் ஸ்பெனரில் போடும் பலத்தில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. மிச்சமெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் புரியிலும் உராய்வாகப் போய்விடுகிறது. புரியில் துரு இருந்தால் 40 காட்டும்போது போல்ட் நீளவே இல்லாமல் இருக்கலாம். ஒயில் போடச் சொல்லாத இடத்தில் ஒயில் வழிய விட்டால் அதே 40இல் போல்ட் அளவுக்கு மிஞ்சி நீளலாம். வருடம் முழுக்க மழை பெய்கிற இரத்தினபுரிப் பக்கத்தில் திறந்துபோட்ட பிளொக்கின் போல்ட் துளைகள் இரண்டு நாளில் துருப்பிடிக்கும். அதனால் புரியைச் சுத்தம் செய்வது இறுக்குவதன் முதல் பாதி. துளைக்கு அடியில் தண்ணீரோ ஒயிலோ தேங்கி நின்றால் அது இன்னும் ஆபத்து. இறங்கும் போல்ட்டுக்கு அடியில் திரவம் அமுங்க இடமில்லாமல் பிளொக்கையே பிளந்துவிடும். கம்பியில் துணி சுற்றி ஒவ்வொரு துளையையும் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ஜப்பான் எஞ்சின்களில் இந்த உராய்வின் பொய்யை வெல்ல வேறு வழி உண்டு. ஆசிரியரின் கொரோலாவில் செய்தது அதுதான். 10 போல்ட்டுகள், இரண்டு நீளங்கள் உண்டு, இடம் மாறக் கூடாது. புரியிலும் தலைக்கு அடியிலும் மெல்லிய ஒயில் பூச்சு. நடுவிலிருந்து வெளியே, பல சுற்றில், 29 நியூட்டன் மீட்டர் வரை. அது சின்ன அளவு. ஆசிரியருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு ஒவ்வொரு போல்ட் தலையிலும் எஞ்சினின் முன்பக்கம் பார்த்தபடி வெள்ளைப் பெயின்றில் ஒரு பொட்டு வைத்தேன். அதே வரிசையில் ஒவ்வொன்றையும் 90 பாகை திருப்பினோம். எல்லாப் பொட்டும் பக்கவாட்டில் பார்த்தன. இன்னொரு சுற்று, இன்னொரு 90 பாகை. எல்லாப் பொட்டும் பின்பக்கம் பார்த்தன.

இங்கே ஸ்பெனரின் பலத்தை யாரும் அளக்கவில்லை. புரியின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர் என்பதால் அரைச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டும் 0.625 மில்லிமீட்டர் இறங்கியாக வேண்டும். அது போல்ட் நீளுவதிலும் கெஸ்கட் அமுங்குவதிலும் பங்கு போகிறது. ஒரு போல்ட் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்பும், இன்னொன்று இலகுவாகத் திரும்பும். ஆனால் இறங்குவது ஒரே தூரம். 10 வெள்ளைப் பொட்டும் ஒரே திசையில் நிற்பதைப் பார்த்த பிறகு ஆசிரியர் வேறு கேள்வி கேட்கவில்லை. இப்படி நீட்டப்படும் போல்ட்டுகளைத் திரும்பப் போடுமுன் அளந்து பார்க்க வேண்டும். நடுவில் இளைத்து இடுப்புக் கட்டியிருந்தால் பஞ்சிகாவத்தையில் புதுசு வாங்குங்கள். பழைய எஞ்சினில் கழற்றிய போல்ட்டை மலிவென்று வாங்காதீர்கள்.

கீழே, கிராங்க் பக்கம் வேலை செய்யும்போது சமமாக இறுக்குவதைக் கையாலேயே சோதிக்க முடியும். மொரிஸ் மைனரில் 3 மெயின் பெயரிங். மூடிகளுக்கு 60 அடி-இறாத்தல், கனெக்டிங் ரொட் மூடிகளுக்கு 35. ஒரு மூடியின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி ஏற்றி, அளவுக்கு வந்தவுடன் கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போம். எண்ணெய்ப் படலத்தில் வழுக்கிக்கொண்டு அது ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எந்த இடத்திலாவது பிடித்தால் கடைசியாக இறுக்கிய மூடியில்தான் கோளாறு. பெயரிங் தகட்டுக்குப் பின்னால் தூசி இருக்கலாம், மூடி திசை மாறி உட்கார்ந்திருக்கலாம், ஒரு பக்கப் போல்ட் முந்தியிருக்கலாம். எல்லா மூடியையும் பூட்டிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்ப்பவர், கோளாறு எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும்.

டொர்க் ரென்ச் இல்லையே என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையிலும் எப்போதும் இருக்கவில்லை. பாஸ் கொழுந்து நிறுக்கும் தொங்குதராசைக் கேட்டு வாங்குவார். நட்டின் நடுவிலிருந்து சரியாக ஒரு அடி தள்ளி ஸ்பெனரில் அடையாளம் போட்டு, அங்கே தராசின் கொக்கியை மாட்டி, ஸ்பெனருக்குச் செங்குத்தாக இழுப்பார். தராசு 18 கிலோ காட்டினால் அது 40 அடி-இறாத்தல். சரிவாக இழுத்தால் கணக்குப் பிழைக்கும், அவ்வளவுதான். கையில் எதுவும் இல்லாதவனுக்கும் அளக்க வழி உண்டு என்று அன்று கற்றுக்கொண்டேன். "கைக்கே தெரியும்" என்று சொல்லுகிற எவரையும் அதற்குப் பிறகு நான் நம்பியதில்லை. காலையில் இருக்கிற கை மாலையில் இருப்பதில்லை. முன்பக்கம் வசதியாக நின்று இழுக்கிற கை, பின்சுவர்ப் பக்கம் வளைந்து இழுக்கும்போது அதே கை அல்ல.

எஞ்சினைத் தொடாதவர்களும் தொடுகிற ஒன்று உண்டு: சில்லு நட். டயர் கடையில் ஒரு நட்டை ஏறி மிதித்து இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். பெரும்பாலான டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர் போதும். ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் ஏற்ற வேண்டும். கோணலாக இறுகிய சில்லு பிரேக் தட்டையும் கோணலாகப் பிடிக்கும். புலுத்தோட்டைக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் இதைப் பாருங்கள்.

என்னிடம் தொழில் பழக வரும் தோட்டத்துப் பொடியன்களுக்கு மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்கும் சிறு பம்ப் எஞ்சினைத்தான் முதலில் தருகிறேன். ஹெட்டில் சில நட்டுகளே இருக்கும். எதிரெதிராக, சுற்றுச் சுற்றாக ஏற்றும் பழக்கம் அதில் வந்துவிட்டால் பிறகு எந்த எஞ்சினுக்கும் அது போதும். திறமை உள்ளவர்கள் பலர். ஆனால் 'அண்ணனிடம் பார்த்துப் பழகினேன்' என்பதோடு நின்றுவிடுகிறார்கள். 1959இல் தொடங்கிய இலங்கை-ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் மொறட்டுவையில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே கைத்தொழில் தெரிந்தவருக்கு அவர் அனுபவத்தைச் சோதித்து என்விகியூ சான்றிதழ் தரும் முறையும் உண்டு. தோட்டத்துப் பெற்றோர் இதைக் கேட்டு விசாரித்துப் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக நிற்பதைவிட ஒரு எஞ்சினைச் சரியாகப் பூட்டத் தெரிந்த பிள்ளை கௌரவமாக வாழும்.

வீட்டில் எஞ்சின் பூட்டப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் எஞ்சினின் புத்தகத்தில் இருக்கும் அளவையும் வரிசையையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, கண்ணுக்கு எதிரே ஒட்டிவையுங்கள். புரிகளைச் சுத்தம் செய்யுங்கள். டொர்க் ரென்ச் வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். நடுவிலிருந்து தொடங்குங்கள், எந்தப் போல்ட்டையும் தனியாக முடித்துவிடாதீர்கள். இருட்டிவிட்டதென்று கடைசிச் சுற்றை விட்டுவிட நினைத்தால், எஞ்சினை மூடிவைத்துவிட்டுக் காலையில் வந்து அந்தச் சுற்றை முதலிலிருந்து செய்யுங்கள்.